புஸ்பவதியக்கா போர்த்தாத பொன்னாடை

ஜேர்மனியில் ஹம் நகரத்துத் தமிழ்ச் சங்கத் தலைவர் அரியரத்தினம் அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புஸ்பவதியக்கா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, வந்த அலுவலைச் சொன்னார். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு இந்த முறை பிரதம விருந்தினர் லண்டனிலிருந்து வருகிறாராம். கவுன்சிலர் அனந்தராமன். மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்த, லண்டனில் இருந்து வந்த ஒருவர்தான் பொருத்தம் என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறதாம்.

"நீங்கள் அங்க கனகாலம் இருந்தனீங்கள். அவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே, தங்கச்சி?"

"தெரியாமல் என்ன," என்றா புஸ்பவதியக்கா. "வடிவாத் தெரியும்."

அந்த 'வடிவா'வுக்குள் எவ்வளவு கொதி இருந்தது என்று அரியரத்தினம் அண்ணைக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த புருசன் நித்தியானந்தனுக்கு விளங்கிவிட்டது. மனுசன் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தவர், எடுக்க மறந்துபோய் முழுசிக்கொண்டு இருந்தார். பிஸ்கட் கரைந்தே போய்விட்டது.

இந்தக் கொதி எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மேலே போக ஏலாது.

புஸ்பவதியக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக ஹம்முக்கு வந்து, ஜேர்மன் பாசையை அடித்துப் பிடித்துப் படித்து, பிரஜாவுரிமையும் எடுத்தவ. நித்தியர் எடுக்கவில்லை. அதற்குப் பாசைப் பரீட்சை எழுதவேண்டும்; பரீட்சை என்றால் மனுசனுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே காய்ச்சல் வரும். "எனக்குச் சிலோன் பாஸ்போட் காணும்" என்று வீரம் பேசிக்கொண்டு திரிந்தார். பிறகு, மகள் மிதுசா இங்கிலீசில் படிக்கட்டும் என்று, அந்த நாளில் எத்தனையோ ஜேர்மன் தமிழ்க் குடும்பங்கள் போனதுபோல இவர்களும் லண்டனுக்கு வெளிக்கிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துப் பாஸ்போட் உள்ளவைக்கு அப்போது அங்கே கதவு திறந்து கிடந்தது. புஸ்பவதியக்கா தன் பாஸ்போட்டைக் காட்டி உள்ளே போனா. நித்தியர் அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

அங்கே அவ ஒரு தையல் கடை போட்டா. சேலைக்குச் சட்டை தைக்கிற கடை. கலியாணக் காலம் வந்தால் மணப்பெண்களும் தாய்மாரும் உள்ளே நிற்க இடமில்லாமல் தெருவில் நிற்பார்கள். பெயர்ப் பலகையில் இருந்தது அவவின் சொந்தப் பெயர். பிள்ளைக்காக, புருசனுக்காக, ஊரில் உள்ளவைக்காக என்று ஓடின மனுசி தனக்கென்று ஆசைப்பட்டது அந்தக் கடை ஒன்றுக்குத்தான். அதைச் சும்மா சொல்லக்கூடாது, ராசாத்தி மாதிரி நடத்தினா.

இரண்டாயிரத்துப் பதினாறில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறதா விலகுகிறதா என்று சர்வசன வாக்கெடுப்பு வந்தது. இங்கேதான் கூத்து. ஜேர்மன் பாஸ்போட் வைத்திருந்த புஸ்பவதியக்காவுக்கு வோட்டு இல்லை. சிலோன் பாஸ்போட் வைத்திருந்த நித்தியருக்கு இருந்தது. அங்கே வசிக்கிற பொதுநலவாய நாட்டுக்காரர் வோட்டுப் போடலாம் என்பது சட்டம். கூட்டிக்கொண்டு போனவவுக்கு ஒன்றும் இல்லை, தொங்கிக்கொண்டு போனவருக்கு வோட்டு. இதை எந்தப் புத்திசாலி யோசித்து எழுதினானோ தெரியாது.

அந்த நேரம் கவுன்சிலர் அனந்தராமன் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினார். "ஐரோப்பாக்காரனை மறிச்சால்தான் எங்கட சனத்துக்கு வழி திறக்கும். உங்கட மருமக்களை, பெறாமக்களை எல்லாம் ஊரிலயிருந்து கூப்பிடலாம்," என்றார். நித்தியருக்கு ஊரில் தங்கச்சியின் மகன் ஒருவன் வெளிநாடு வர அந்தரப்பட்டுக்கொண்டு நின்றான். புஸ்பவதியக்காவும் பக்கத்தில் இருக்க, மனுசன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். போய் விலகச் சொல்லி வோட்டுப் போட்டுவிட்டு, ஏதோ பெரிய காரியம் சாதித்தவர் மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னார்.

"ஐரோப்பாக்காரர் எண்டால் ஆரப்பா?" என்று கேட்டா புஸ்பவதியக்கா.

"போலந்துக்காரன், ருமேனியாக்காரன்."

"அப்ப நான் ஆர்?"

"நீர் தமிழ்."

விலகுகிறது என்றுதான் முடிவு வந்தது; பிரெக்சிற் என்றால் தெரியும்தானே. அதன் பிறகு அந்த நாட்டில் சனம் அரசியல்வாதிகளைத் திட்டாத இடமில்லை. விலகப் போட்டவை, சொன்னது ஒன்றும் நடக்கவில்லை என்று திட்டினார்கள். இருக்கப் போட்டவை, குடியைக் கெடுத்துப்போட்டார்கள் என்று திட்டினார்கள். தையல் கடைக்குள்ளேயே தமக்கையும் தங்கையும் இதற்காக முகம் கொடுக்காமல் நின்றதை அவ கண்டிருக்கிறா.

பிறகு, அங்கே இருக்கிற ஐரோப்பியர் எல்லாரும் தொடர்ந்து இருப்பதற்குப் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும் என்று ஒரு தவணை வைத்தார்கள். தவணை முடிகிற நேரம் புஸ்பவதியக்கா ஹம்மில் நின்றா. அங்கேயிருந்த தமையனுக்குப் பாரிசவாதம், பார்க்க ஆளில்லை. விண்ணப்பத்தைக் கவனிக்கச் சொல்லி நித்தியருக்கு ஃபோனில் சொன்னா. "அது உமக்கில்லையப்பா, போலந்துக்காரருக்கு," என்றார் அவர். வருத்தக்காரனோடு இரவு பகலாக நின்ற மனுசி அதை நம்பிவிட்டா. தமையன் கொஞ்சம் தேறி அவ திரும்பிப் போனபோது எல்லையில் மறித்துக் கேட்டார்கள். பிந்திப் போட்ட விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அவவுக்கு அங்கே இருக்க உரிமை இல்லையென்றால் அவவில் தொங்கின நித்தியருக்கும் இல்லை. மிதுசா பிரித்தானியப் பிரஜை ஆகிவிட்டவள், அவள் அங்கேயே நின்றாள். கடையை மூடினார்கள். பெயர்ப் பலகையைக் கழற்றுகிற அன்று புஸ்பவதியக்கா அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

இப்போது அவவுக்கு ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. வேலையில் குறை சொல்லமாட்டா. ஆனால் நித்தியர் இங்கே வந்து ஊர் முழுக்கச் சொன்ன கதை வேறு. "லண்டன் குளிர் ஒத்துக்கொள்ளேல்லை, அதுதான் வந்திட்டம்." ஹம்மில் பனிக்குள் நிற்கிற ஆட்களிடம் போய்ச் சொன்ன கதை அது. புருசனின் மானம் என்று புஸ்பவதியக்கா இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா.

அரியரத்தினம் அண்ணை போனதும் நித்தியர் தொடங்கினார். "இஞ்சரும், மேடையில ஒண்டும் கதைச்சுப்போடாதையும். நீர் கதைச்சால் நான் வோட்டுப் போட்டதும் வெளிய வரும். பிறகு இந்த ஊரில நான் தலை நிமிர்ந்து திரியேலாது."

"எனக்கு அந்தாள் பிழை எண்டு சொல்லவேணும். சனத்துக்கு முன்னால. வேற ஒண்டும் வேண்டாம்."

"அரசியல்வாதி எங்கயப்பா பிழை எண்டு சொல்லியிருக்கிறான்?"

"கேட்டால்தானே சொல்லுறதுக்கு. நீங்கள் ஆரும் கேக்கிறேல்லை. கண்டறியாத பொன்னாடைதான் போர்த்துறியள்."

"அப்ப என்ர மானம்?"

அவ தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. விழா வரைக்கும் அந்த வீட்டில் தேவையான கதையைத் தவிர வேறு கதை இல்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. பக்கத்து நகரமான பீலெஃபெல்டிலிருந்தும் சனம் வந்திருந்தது. கவுன்சிலரின் ரயில் வழமைபோலப் பிந்தியபடியால், வந்த கையோடு பேசட்டும், பொன்னாடை பிறகு என்று நிகழ்ச்சியை மாற்றினார்கள். புஸ்பவதியக்கா பட்டுச் சேலை உடுத்தி, தட்டில் பொன்னாடையோடு மேடை ஓரத்தில் நின்றா. நித்தியர் நடு வரிசையில் இருந்து அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்சிலர் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாய். "பிரெக்சிற்றால எங்கட சனம் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமே? வெள்ளைக்கார அரசியல்வாதியள் எங்கள் எல்லாரையும் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டினம். இது கூடாதெண்டு நான் அப்பவே சொன்னனான்."

சனம் கைதட்டியது. அதுவரைக்கும், ஒருவேளை பேசாமல் போர்த்திவிட்டு இறங்கிவிடலாமோ என்று ஒரு எண்ணம் புஸ்பவதியக்காவுக்குள் இருந்தது உண்மை. 'அப்பவே சொன்னனான்' என்ற சொல்லோடு அது போய்விட்டது. அரியரத்தினம் அண்ணை அவவின் பெயரை அழைத்ததும் மேடைக்கு ஏறினா. தட்டை மேசையில் வைத்துவிட்டு மைக்கை எடுத்தா.

"கவுன்சிலர் ஐயா, உங்களுக்கு இதைப் போர்த்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டவை. நான் போர்த்தமாட்டன். அப்ப நீங்கள் மண்டபத்துக்கு மண்டபம் விலகப் போடச் சொன்னதை என்ர ரண்டு காதாலயும் கேட்டனான். அதை நம்பினதால என்ர கடை போனது. நீங்கள் சொன்னது பிழை எண்டு இந்தச் சனத்துக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ. பிறகு நானே போர்த்திவிடுறன்."

கவுன்சிலர் சிரித்தார். அவருக்கு இது புதிதில்லை, மழுப்பிச் சடைந்து பழகின ஆள்.

"தங்கச்சி, நான் ரண்டு பக்கத்தையும் விளங்கப்படுத்தினனான். முடிவெடுத்தது சனம். நான் ஒருத்தரின்ர கையையும் பிடிச்சுப் போடவைக்கேல்லை. சரி, என்ர பேச்சைக் கேட்டு விலகப் போட்டவை இஞ்ச ஆரும் இருந்தால் எழும்பச் சொல்லுங்கோ பாப்பம்."

ஜேர்மன் பாஸ்போட்காரருக்கு அங்கே வோட்டு இருக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தத் துணிவில் கேட்டார்.

புஸ்பவதியக்கா ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. நித்தியர் இருந்த பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அந்த மனுசனைக் காட்டிக்கொடுத்து வெல்ல அவவுக்கு மனமில்லை. அதற்காக மேடையை விட்டு இறங்கவும் இல்லை. கவுன்சிலரின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றா.

நடு வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது.

"நான் போட்டனான்," என்றார் நித்தியர். "லண்டன் குளிர் எண்டு உங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னனான். இவரின்ர பேச்சைக் கேட்டு, என்ர மனுசிக்கு எதிரா நானே வோட்டுப் போட்டனான். அது பிழை. விண்ணப்பம் வேண்டாமெண்டதும் நான்தான். அவவின்ர கடையைப் பூட்டினது நான்."

பின்னுக்கிருந்து யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். நித்தியர் திரும்பிக் கதிரையில் இருக்கவில்லை. அந்தச் சிரிப்பு முடியும்வரைக்கும் தலை நிமிர்ந்தபடி நின்றார்.

"அண்ணை, நீங்கள் அதைப் பிழையா விளங்கிக்கொண்டியள்," என்று தொடங்கினார் கவுன்சிலர். அரியரத்தினம் அண்ணை அவதிப்பட்டு மேடைக்கு ஓடிவந்தார். "தங்கச்சி, நேரம் போகுது, மைக்கைத் தாங்கோ."

"பொறுங்கோ அண்ணை," என்றா புஸ்பவதியக்கா. மைக்கைக் கொடுக்கவில்லை. கவுன்சிலர் பக்கம் திரும்பினா.

"வோட்டுப் போட்டவர் பிழை எண்டு சொல்லிப்போட்டார். இனி வோட்டுக் கேட்டவர்தான் மிச்சம்."

மைக்கை அவருடைய வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றா.