ஈரமணலில் திரும்பி வந்த ஒன்று

மறுநாள் என் தோழி கஸ்தூரிக்குக் கணக்குத் தேர்வு. இரண்டாம் முறையாக எழுதுகிறாள். இதில் தேறினால்தான் செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர முடியும். பாலிடெக்னிக் முடித்திருந்த நான் மாமல்லபுரம் கரையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வெயில் ஈரமணலில் கரைந்துகொண்டிருந்தது.

“22/7 விகிதமுறு எண்ணாடி?” என்று கேட்டாள் கஸ்தூரி.

“இல்லடி. அதுதான் பை ஆச்சே. வகுத்துக்கினே போனா முடியவே முடியாது.”

“முடியாதா? பாத்துடலாம் வா.”

கிளிஞ்சலால் மணலில் வகுத்துக்கொண்டே நடந்தாள். மீதி ஒன்று, மூன்று, இரண்டு, ஆறு, நான்கு, ஐந்து. கனவில் நடப்பதுபோல் நானும் பின்னால் போனேன். சட்டென்று நின்றாள்.

“இன்னாடி இது! முதல்ல வந்த ஒண்ணே மறுபடி வந்துகீதே!”

மீதி திரும்பினால் இலக்கங்களும் அதே வரிசையில் திரும்பும். அதைவிட, இரண்டு முழு எண்களின் பின்னமாகவே அது என் கண்ணெதிரே இருந்தது. பை வேறு. இது அதற்குப் பக்கத்தில் நிற்கும் விகிதமுறு எண்.

“நீ சொன்னத எழுதியிருந்தா நான் காலிடி!” என்று சிரித்தாள். அலை வந்து கணக்கை அழித்தது.

மறுநாள் அந்தக் கேள்வியே வந்தது. கஸ்தூரி இப்போது வெள்ளைப் புடவையில் பயிற்சிக்குப் போகிறாள். முடிவில்லாதது எதுவும் பிடிபடாது என்றுதான் அந்தச் சாயங்காலம் வரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் கரையில் நிற்கும்போது, போன அலை திரும்பி வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.