தோழியின் ருத்தேனியம்

படித்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வேலைக்கு பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த வருடங்களில், நானும் என் தோழியும் திருப்பதியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். நான் சித்தூர் மிஷன் சபைக் குடும்பம். இங்கிலீஷ் எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அவள் சாந்திபுரத்துக் கூலிக்காரர் மகள்.

புற்றுநோய்க்குத் தரும் பிளாட்டினம் மருந்து ஒருமுறை வேலை செய்தால் தீர்ந்துபோகும். அளவைக் கூட்டினால் உடம்பு தாங்காது. நாங்கள் தேடியது வினையூக்கி: தான் தீராமல், நோயுற்ற செல்லுக்குள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் உலோகம். இருவருக்கும் ருத்தேனியம்தான். என் சேர்மம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஒரு மதியம், வினை நடப்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவியின் முன்னாலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருடி. கோடு ஏறிக்கினே போவுது. நிக்கவே மாட்டேங்குது."

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன். மூன்று முறை செய்து பார்த்தாள். கோளாறு இல்லை.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதி, இங்கிலீஷைத் திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சித்தூருக்கு எடுத்துப்போய் பீரோவில் வைத்துவிட்டேன். அவள் போன் செய்தபோதெல்லாம், நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, உடம்பு சரியில்லை என்றேன்.

பத்தாம் நாள் ஆப்பிள் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்தவர் நைனா.

"இப்ப ஒடம்பு பரவால்லீங்களா?"

"எனக்கு இன்னாம்மா? காலையிலதான் காணிப்பாக்கம் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "லெட்டரக் குடு" என்றாள், அவ்வளவுதான். பீரோவிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். பையை நைனா கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தன் இங்கிலீஷிலேயே அனுப்பினாள். இடம் கிடைத்தது, போய்விட்டாள். நான் சித்தூர்க் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தப் போனேன். அவள் கட்டுரைகளை இன்டர்நெட் சென்டரில் தேடித் தேடிப் படித்தேன், எங்காவது சறுக்குகிறாளா என்று.

சில வருடங்கள் கழித்துச் சறுக்கினாள். ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களைக் கொன்ற சேர்மம், எலியின் ரத்தத்தில் கலந்ததும் செயலிழந்துவிட்டது. அன்று கல்லூரியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மாதான் என்றேன்.

சாயங்காலம் சின்னம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு அது மூன்றாவது பிளாட்டினம் டிரிப். வாந்தி எடுத்தபோது நான்தான் பேசின் பிடித்தேன்.

"இதவிட லேசா ஒரு மருந்து வராதாம்மா? நீ படிச்சவளாச்சே."

"தேடிக்கினுதான் கீறாங்க சின்னம்மா" என்றேன். யார் என்று சொல்ல வாய் வரவில்லை.