எழுபது மாடுகள் மேய்ந்த தோட்டம்

இப்போது நான் சொல்லப்போவதை உத்திரமேரூரில் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று முன்கூட்டியே உறுதிமொழி அளிக்கிறேன். இதுவரை நான் சொன்ன எதைத்தான் நம்பியிருக்கிறீர்கள்? செவ்வாய்க்கிழமை காலை விடுதிப் பெண் ஒருத்தி போன் செய்து, "மாமா, எஸ்தரக்கா போயிட்டாங்க" என்றாள். "எங்க, பெருநகர் செங்கல் சூளைக்கா?" என்று கேட்டேன். அழுகை கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எஸ்தர் அந்தப் பெண்கள் விடுதியின் சமையல்காரர். சிறுவயதில் செங்கல் சூளையில் கல் அறுத்தவர். அவருடைய சாம்பார் வாசனைக்குக் காவாந்தண்டலத்து நாய்கள் டிக்கெட் எடுத்து பஸ்ஸில் வந்து இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் மைதானத்தில் நடந்த மலர்க் கண்காட்சியில் விடுதிக்கு ஒரு துண்டு இடம் கிடைத்தது. நர்சரிக்காரன் என்ற கெத்தில் நூறு ரோஜா தருகிறேன் என்றேன்.

"ரோஜா வாணாண்ணா. இந்தப் பொண்ணுங்க மாதிரி செடி வோணும். யாரும் தண்ணி ஊத்தாமலே வளந்ததா" என்றார் எஸ்தர்.

உடைந்த செங்கல்லைப் பரப்பி, இடுக்குகளில் எருக்கு, துத்தி, கோரை என்று களைச்செடிகளாகவே விடுதிப் பெண்கள் வைத்தார்கள். நடுவே ஒரு பாதை. அது முடியும் இடத்தில் ஒரு பள்ளிக்கூட நாற்காலி. அதன் அருகில் நின்று விடுதிப் பெண் வள்ளி பேச வேண்டும். பத்தாவது முடித்த அவளைச் சூளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "வந்து பாக்கறேன், மேல படிக்க வெக்கறதான்னு அப்பால சொல்றேன்" என்று எஸ்தரிடம் இறங்கி வந்திருந்தார்.

கண்காட்சி அன்று அவர் வந்தபோது வெறும் மண்ணும் கலைந்த செங்கல்லும் நாற்காலியும்தான் இருந்தன. நான் முழங்கினேன்: பெருநகரிலிருந்து எழுபது மாடுகள் படையெடுத்து வந்தன, தலைமை மாடு யானை உயரம்! கூட்டம் சிரித்தது. வள்ளியின் அப்பா சிரிக்கவில்லை. "இத்தப் பாக்கத்தான் வரச் சொன்னியாம்மா?" என்று எஸ்தரைக் கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பத்தாம் நாள் அந்த மண்ணில் கோரை மறுபடி முளைத்தது. எஸ்தர் அதைத் தகர டப்பாவில் வைத்துக்கொண்டு சூளைக்கு பஸ் ஏறினார். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் போனார். வள்ளியை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அப்பா அனுப்பவில்லை.

என்னிடம் எஸ்தர் ஒரே ஒருமுறைதான் கேட்டார்: "இன்னாண்ணா, உங்க மாட்டுக்கு மம்பட்டி புடிக்கத் தெரியுமா?" மண்ணில் மண்வெட்டி வெட்டிய தடத்தைப் பார்த்திருக்கிறார். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடக்கத்துக்கு வள்ளி வந்திருந்தாள். நகங்களில் சூளை மண்.

"மாமா, அன்னிக்கு மேஞ்சது மெய்யாலுமே மாடுதானா? அக்காவக் கேட்டா, உங்க மாமாவயே கேளுன்னுட்டாங்க."

எனக்கு வாய் வரவில்லை. எனக்கா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், எனக்குத்தான்.

அதனால் இங்கே எழுதுகிறேன், வள்ளி. மாடு எழுபதும் பொய். தோட்டம் அழிந்தது மட்டும் உண்மை. மைதானத்தில் களை எடுக்க ஆள் அனுப்பியவன் நான். அந்தத் துண்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல மறந்து, டீக்கடையில் கதை அளந்துகொண்டிருந்தேன். எஸ்தரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ஒரு மம்பட்டிக் கேள்வி. இந்த ஞாயிறு எஸ்தர் வந்த அதே பஸ்ஸில் சூளைக்கு வருகிறேன். இதை உன் அப்பாவிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும்.