மூன்றாவது சுற்றில் நிற்கும் கார்

“எங்க வீட்டுப் பொண்ணு தங்க வளையலைத் தகர டப்பாவுக்குள்ள போட்டுட்டா” என்று அம்மா எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் கொஞ்சம்தான். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிச் சம்பாதித்ததில் வளையலுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்தது, தொண்ணூறுகளின் கடைசியில் மதர்போர்டாகவும் பிராசஸராகவும் கிராஃபிக்ஸ் கார்டாகவும் மாறி, எங்கள் செம்பாக்கம் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தது.

எதற்கு என்று கேட்டால்தான் வம்பு. கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ஆரத்தி எடுத்து வரவேற்றிருப்பார்கள். நல்ல வேலை கிடைக்கும், அமெரிக்க மாப்பிள்ளை கிடைப்பான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்: கார் ரேஸ் விளையாட. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்த விளையாட்டை ஒருநாள் வாங்கி ஓட்டிப் பார்த்தவள்தான். அதன் பிறகு தாம்பரம் ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போதும் என் விரல்கள் திருப்பம் திருப்பமாக வளைந்துகொண்டிருந்தன. கல்யாண வயதில் ஒரு பெண் இப்படி ஆவது அம்மாவைப் பொறுத்தவரை பேய் பிடித்ததற்குச் சமம். அப்பா எந்தக் கட்சியிலும் சேராதவர். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எதற்கு எது சேரும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு வாங்குங்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். நான் பெரிய கணக்குப்பிள்ளை அல்லவா, எனக்கு எல்லாம் தெரியும் என்று எங்கெங்கே மலிவோ அங்கங்கே வாங்கி வந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் பூட்ட உட்கார்ந்தபோது தூக்கிவாரிப் போட்டது. ராம் பட்டையில் இருந்த வெட்டு ஓரிடத்தில், போர்டில் இருந்த மேடு வேறிடத்தில். கிராஃபிக்ஸ் கார்டைச் செருக வேண்டிய இடமே அந்த போர்டில் கிடையாது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் பிறந்துவிட்டு, ஒரு பொருத்தமும் பார்க்காமல் வாங்கி வந்திருந்தேன்.

அசடு வழியக் குரோம்பேட்டைக்கே போய், கெஞ்சிக் கூத்தாடி போர்டையும் ராமையும் மாற்றிக்கொண்டு வந்தேன். பிராசஸருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை போர்டில் மிளகைவிடச் சின்னதான பிளாஸ்டிக் தொப்பிகளை இடம் மாற்றி மாட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒன்று தப்பினாலும் பிராசஸர் கருகிவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணி மாட்டினேன். திரையில் வெள்ளை எழுத்து ஓடியபோது நான் கத்திய கத்தலில், கீழே அம்மா ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டாள்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. விளையாட்டைப் போட்டால் முதல் சுற்று நன்றாக ஓடும், இரண்டாவது சுற்றும் ஓடும். மூன்றாவது சுற்றில் கார் அப்படியே நின்றுவிடும். இன்ஜின் சத்தம் மட்டும் ‘ர்ர்ர்’ என்று ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கக் கேட்கும். எங்கள் மாடி அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானத்தில் உள்ளே மனிதர்களே நிற்க முடியாது, இயந்திரத்தைச் சொல்லவா வேண்டும். எல்லாவற்றையும் அடைத்திருந்த தகர டப்பாவை, அதாவது கேபினட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். செம்பாக்கத்துப் புழுதியெல்லாம் உள்ளே போனதுதான் மிச்சம். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டியைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி சுட்டது. “சூடு, சூடு” என்று புலம்பியபடியே படியிறங்குவது என் வழக்கமாகிப்போனது.

அம்மா ஒருநாள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள அது ஒழுங்கா ஓடலைன்னா, வந்த விலைக்குத் தள்ளிட்டு வளையல் வாங்கிடணும். சரியா?”

வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் கையை நம்பி நான் செய்த ஒரே பொருள் அதுதான். அது போய்விட்டால், இனி எதை எடுத்தாலும் ‘உனக்கு இதெல்லாம் எதுக்கு’ என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

மறுபடியும் குரோம்பேட்டை. பிராசஸருக்கும் அந்த அலுமினியக் கட்டிக்கும் நடுவில் என்ன தடவினீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். எதையாவது தடவ வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு மேலேறி வெளியே போகும், நடுவில் காற்று இருந்தால் போகாது என்று சொல்லி, ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பசை கொடுத்தார். பெரிய ஃபேன் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். கட்டியைப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கியைக் கழற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி போர்டில் ஒரு கீறல் விழுந்தது. என்றாலும் பசை தடவிப் பூட்டிய அன்று கார் மூன்றாவது சுற்றைத் தாண்டியது. பத்தாவது சுற்றையும் தாண்டியது. அம்மாவிடம் உடனே சொல்லவில்லை. பூஜை முடிந்து, நல்ல நாளில், அவள் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டி ஜெயிக்க வேண்டும் என்று திட்டம். அன்று சாப்பிடும்போது “இன்னும் லேசா சுடுது” என்று அப்பாவிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள்மணை, தையல் மிஷின், அப்பாவின் சைக்கிள், ஸ்பானர் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிற நாள். என் கம்ப்யூட்டரைக் கணக்கில் சேர்க்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். “அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு” என்றாள் அம்மா. என்னால் நம்ப முடியவில்லை. பொரியும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்க என்னைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு விரட்டினாள். நான் திரும்பி வந்தபோது கேபினட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மானிட்டருக்குப் பூச்சரம் போட்டு, மவுஸுக்குக்கூட ஒரு குட்டிப் பொட்டு வைத்திருந்தாள். கழற்றிக் கிடந்த பக்கத்துத் தகடும் பூட்டியிருந்தது. பூஜைக்கு அழகாக இருக்கட்டும் என்று அப்பா பூட்டியிருப்பார் என நினைத்துக்கொண்டேன். பூஜைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. நானும் தொடவில்லை.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, “ம், போடு” என்றாள். அப்பாவும் பேப்பரை மடித்துவிட்டு மாடிக்கு வந்திருந்தார். நான் மந்திரி போலப் போய் உட்கார்ந்து காரைக் கிளப்பினேன். முதல் சுற்று முடிவதற்குள் ‘ர்ர்ர்’. அணைத்துவிட்டுப் போட்டேன். கார் கிளம்பவே இல்லை. மறுபடி போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா திரையை ஒருமுறை பார்த்தாள். கற்பூரத் தட்டோடு கீழே இறங்கிப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் குரோம்பேட்டைக்குப் போனேன். ராம் போயிருக்குமா, போர்டு போயிருக்குமா, தொப்பி நகர்ந்திருக்குமா என்று வழியெல்லாம் பொருத்தம் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் நல்ல வேளையாகக் கூட்டமில்லை. கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் பிராசஸர் மேலிருந்த கட்டியைக் கழற்றினார்.

கோயில் வாசனை அடித்தது. எங்கிருந்து என்று இரண்டு பேருமே ஒரு கணம் திரும்பிப் பார்த்தோம். பிராசஸர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக, கனமாக, காய்ந்து வெடித்த ஒரு பத்து. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. வெள்ளைப் பசை இருந்த சுவடே இல்லை.

“இன்னா சிஸ்டர் இது?” என்றார் கடைக்காரர். “சந்தனக் காப்பு சாத்திக்கீறீங்க?”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. பத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுப் பசை தடவிப் பூட்டினார். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது, இந்தப் பிராசஸருக்கு ஆயுசு கெட்டி என்றார். திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. உயிர் வந்த சந்தோஷம்கூட எனக்குச் சரியாக வரவில்லை.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அப்பா பேப்பரை விட்டு எழுந்தால்தானே தகட்டைப் பூட்ட. அப்படியென்றால் அம்மாதான். மார்க்கெட்டுக்கு என்னை விரட்டியது எதற்கு என்று இப்போது புரிந்தது. தீபாவளிக்குள் ஓடக் கூடாது, அதற்கு இப்படி ஒரு வழி. வளையலுக்காகப் பெற்ற தாய் இவ்வளவு தூரம் போவாளா? வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோக்காரர் இரண்டு முறை வழி கேட்டது என் காதில் விழவில்லை.

அம்மா சமையலறையில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேபினட்டை அவள் முன்னால் வைத்தேன்.

“இதுக்குள்ள சந்தனம் வெச்சது நீதானே?”

“ஆமா” என்றாள், துருவுவதை நிறுத்தாமல். “சூடு, சூடுன்னு நீதானே தலையில அடிச்சுக்கிட்ட. அன்னிக்குக்கூட இன்னும் சுடுதுன்னு அப்பாகிட்ட சொன்ன. திறந்து பார்த்தா யாரோ சுண்ணாம்பைத் தடவி வெச்சிருக்கான். சுண்ணாம்பு சூடுடீ. அதைத் தடவினா எப்படித் தணியும்? துடைச்சுப் போட்டுட்டு, அசல் கட்டையா அரைச்சு வெச்சேன். வேர்க்குருவுக்கு உனக்கு வைக்கறதில்லையா?”

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் என்னென்னவோ கேட்க வைத்திருந்தேன். வாயில் வந்தது, “அந்தக் கொக்கியை எப்படிக் கழட்டின?” என்பதுதான்.

“கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். நீ கழட்டறப்போ பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். ஃபேன் ஒயரைக்கூட இருந்த இடத்துலயே செருகிட்டேனே, பார்க்கலை?”

பார்த்தேன். நான் போட்ட கீறலைத் தவிரப் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. மாடிக்கு வருவதே பாவம் என்பதுபோல் இருந்தவள், எந்த ஒயர் எங்கே போகிறது என்பதுவரை எப்போது நின்று பார்த்தாள்? கதவுக்குப் பின்னால் அவள் நின்றதை நான் ஒருநாள்கூடக் கவனிக்கவில்லை. சந்தனத்தைக் கண்ட அதிர்ச்சியைவிட இதுதான் என்னைப் பெரிதாக உலுக்கியது.

அது சுண்ணாம்பில்லை, சூட்டை வெளியே கடத்துகிற பசை என்று விளக்கினேன். சந்தனத்தால்தான் உயிர் போகப் பார்த்தது என்றும் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்து தேங்காய்மூடி நழுவியது.

“நான் வேணும்னே பண்ணினேன்னு நினைச்சியா?” என்றாள்.

பொய் சொல்ல வரவில்லை. விழுந்த தேங்காய்மூடியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

“அது இந்த வீட்டை விட்டுப் போகணும்னுதான் நினைச்சேன்” என்றாள் அம்மா. “வெந்து போகணும்னு நினைக்கலைம்மா.”

தீபாவளி வந்தது. வளையல் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. விடியற்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் மாடியேறி வந்ததைப் பார்த்து, நான் பதறியடித்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

“தள்ளு. இது உனக்கு. சூடு உனக்குத்தான் ஜாஸ்தி” என்று என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாள். வைத்துக்கொண்டே, அந்தக் காரைக் கொஞ்சம் ஓட்டு என்றாள். இத்தனை நாளும் பெரும்பாலும் கீழே இருந்து சத்தத்தைத்தான் கேட்டவள், மூன்றாவது சுற்றுக்கு அப்புறம் என்ன வரும் என்று பார்க்க வேண்டுமாம். எண்ணெய் வழிந்து கண்ணெல்லாம் எரிய, நான் ஓட்டினேன். அம்மா எண்ணெய்க் கையோடு என் பின்னால் நின்று கடைசிச் சுற்றுவரை பார்த்தாள்.