நான் எடுக்காத விடுப்பு

மனைவி இறந்த ஆண்டு, கத்திரி வெயிலிலும் நான் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையொன்றில் தலைமை வேதியியலாளன் நான். ‘துக்கத்தை வென்றவர்’ என்று முதலாளி புகழ்ந்தார். நம்பிய முட்டாள் நான்.

உறக்கமின்றி ஐந்தாம் வாரம். தோலின் மயிர் நீக்கும் சல்பைடு கரைசல் இன்னும் வடியாத, தோல் ஊறும் டிரம்மில் ஆசிட் ஊற்றச் சொன்னேன். ஊற்றியிருந்தால் எழும் நச்சுவாயுவில் அங்கு நின்ற மூவரும் மாண்டிருப்போம்.

தொழிலாளி காதர் ஆசிட் ஜாடியைக் கீழே வைத்தார்.

“இன்னா சார், பழைய தண்ணியே இன்னும் எறக்கல. அம்மா போன எடத்துக்கு எங்களையும் அனுப்பப் பாக்குறியா? பேஜார் பண்ணாம வூட்டுக்குப் போ சார்.”

போனேன். இரண்டு வாரம் உறங்கினேன், முதன்முறையாக அழுதேன்.

இப்போது கோடை பிறந்ததும் விடுப்புக் கடிதம் கொடுத்துவிடுகிறேன். ஓய்வே எடுப்பதில்லையென்று மார்தட்டும் அறிவிலிகளை டிரம் அருகே அனுமதிப்பதில்லை.