எட்டாவது திருகாணி

ஆம்புரோஸ், கோலா சாவா என்ற ஊரில் இருபத்தொன்பது வருடம் ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பால் நிறுக்கும்போது தராசு முள் நிற்கும்வரை புத்தகத்தில் ஓர் எண்ணைக்கூட எழுத மாட்டார். ஓய்வுபெற்ற பிறகு நிறுக்க எதுவும் இல்லாததால், மனைவி டோரினின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நோட்டுப் போட்டார்.

முன்கவர் கடகடவென்று ஆடுகிறது என்று டோரின் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை 7.10க்கு அதைக் கழற்றினார். மொத்தம் எட்டுத் திருகாணிகள். ஓர் அட்டையில் கவரின் படம் வரைந்து, எது எந்தத் துளையில் இருந்ததோ அந்த இடத்தில் குத்திவைத்தார். மூன்றாம் துளையில் மரை தேய்ந்திருந்தது. அங்கே புதுக் கவ்வி ஒன்றைப் பொருத்தினார்.

திரும்பப் பூட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் எல்லாவற்றையும் விரலால் பாதிவரை சுழற்ற வேண்டும். பிறகு எதிரெதிராக முடுக்க வேண்டும். திருகாணி உட்கார்ந்ததும் கால் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேலே போனால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். நோட்டில் விரலுக்கு ஒரு டிக், முடுக்கலுக்கு ஒரு டிக்.

ஏழாவதை விரலால் சுழற்றியபோது மழை பிடித்துக்கொண்டது. நோட்டு நனைந்துவிடுமே என்று பதறி, மீதி டிக்குகளையும் சேர்த்துப் போட்டு உள்ளே வைத்துவிட்டார். மோட்டாரைக் கூரைக்குக் கீழே தள்ளி, அவசரத்தில் வரிசையாகவே முடுக்கினார். கடைசியில் நோட்டைப் பார்த்தார். எட்டுக்கும் இரண்டிரண்டு டிக். கவரைப் பார்க்கவில்லை.

மழை விட்டதும் டோரின் மீன் வாங்க ரந்தாவ் பசாருக்குக் கிளம்பினாள். 9.40க்கு அட்டையைக் குப்பையில் போட எடுத்தார். எட்டாவது திருகாணி அட்டையிலேயே இருந்தது. அது முன்சக்கரத்தை ஒட்டிய துளைக்கு உரியது.

மூன்று முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. ரோட்டுக்கு ஓடினார். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுப் புனிதனின் லாரி வந்தது.

"கிராணி ஐயா, செருப்பு எங்க?"

"அது கெடக்கட்டும். ரந்தாவுக்கு விடுப்பா."

"ஒரு ஸ்குருவுக்கா இந்த ஓட்டம்?"

"கவர் கழண்டா டயருக்குள்ள போயிடும்டா. அவ அறுபது ஸ்பீடுல போறவ."

புனிதன் கதவைத் திறந்து அவரை ஏற்றிக்கொண்டான்.

ரந்தாவ் முனையில், ஒரு மோட்டார் கடை வாசலில் டோரினின் மோட்டார் நின்றது. அவளைக் காணோம். ஆம்புரோஸ் லாரியிலிருந்து இறங்கினார். அப்போது கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மெஷின் வேணாம்னு சொன்னேன்ல தம்பி! கையால சுத்து. உக்காந்ததும் கால் சுத்து, போதும் லா."

"ஆன்ட்டி, நான் கடை வச்சுப் பன்னெண்டு வருஷமாச்சு."

"எங்க வீட்டுக்காரரு நாப்பது வருஷமா கணக்குச் சொல்லி என் காதையே தேச்சிட்டாரு. நீ கையால சுத்து."

ஆம்புரோஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது, வெறுங்காலோட!" டோரின் வெளியே ஓடிவந்தாள்.

அவர் உள்ளங்கையை விரித்தார். "எட்டாவது."

"தெரியும். பாலம் தாண்டுறப்பவே சத்தம். நிறுத்தி எண்ணிப் பாத்தேன், ஏழுதான் இருந்துச்சு. மெதுவா உருட்டிக்கிட்டே வந்துட்டேன்."

"நீ எண்ணினியா?"

"பின்ன, உங்க நோட்டையா நம்புறது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. கடைக்காரர் மகேந்திரன் கையிலிருந்த புதுத் திருகாணியை வைத்துவிட்டு, அவர் கொண்டுவந்ததையே வாங்கிக் கையால் பூட்டினார்.

திரும்பும்போது டோரின் ஓட்டினாள். மீன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவர் காதைத் தீட்டிக் கேட்டார். கவர் வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எட்டாம் எண்ணுக்கு எதிரே இருந்த இரண்டு டிக்குகளையும் அடித்து நீக்கினார். பக்கத்தில் எழுதினார்: "10.25. ரந்தாவ். டோரின் முன்னிலையில் பூட்டியது."