கம்ப்யூட்டர் தெரிஞ்ச டீச்சர்

டீச்சர் மொதமொதல்ல மவுஸ புடிச்சது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே கீது. செங்கல்பட்டுல ட்ரெய்னிங். பெரிய ஹாலு, வரிசையா கம்ப்யூட்டரு, ஏசி வேற. எங்க ஸ்கூலு சதுரங்கப்பட்டினம் பக்கம். உப்புக் காத்துல நாற்காலி ஆணி கூட துருப்புடிச்சு ஒடையிற எடம். ஏசியப் பாத்த ஒடனே எங்கள்ல பாதிப் பேரு தூங்க ரெடியாய்ட்டோம். பக்கத்து சீட்டுல டீச்சர் மட்டும், கோழிக்குஞ்சு கைய வுட்டு ஓடிடப் போவுதுன்ற மாதிரி, மவுஸ ரெண்டு கையாலயும் பொத்திகினு உக்காந்திருந்தாங்க. அமுக்கவே இல்ல. ட்ரெய்னிங் குடுக்க வந்த தம்பி, "அமுக்குங்கம்மா, ஒண்ணும் ஆவாது"ன்னான். "தப்பா எதுனா அமுக்கிட்டா யாருக்காச்சும் வேல போய்டுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. ஹாலே சிரிச்சுது. நான்தான் ரொம்ப சத்தமா சிரிச்சேன். என் கம்ப்யூட்டரு அப்ப ஆன் கூட ஆவல. அது வெளிய தெரியாம இருக்கணும்னா வேற யாரையாச்சும் பாத்து சிரிச்சுத்தானே ஆவணும்.

எங்க ஸ்கூல்ல டீச்சருங்க நெறைய பேரு. ஆனா வெறுமன "டீச்சர்"னு சொன்னா இவங்கதான். ஆறாங்கிளாஸுக்குத் தமிழ் எடுத்தவங்க. நான் சோசியல் சாரு. டீச்சர் என்னவிட வயசுல கொஞ்சம் மூத்தவங்க. குரல ஒசத்திப் பேசி நான் பாத்ததில்ல. ஆறாங்கிளாஸுக்கு வர்ற புள்ளைங்கள்ல பாதிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒண்ணாப்புலேர்ந்து ஒவ்வொரு கிளாஸா தள்ளிவுட்டு, ஒருவழியா எங்க வாசல்ல வந்து நிக்கும். எங்கள மாதிரி ஆளுங்க அதப் பாத்து பெருமூச்சு வுட்டுட்டு பாடத்த ஆரம்பிச்சிடுவோம். டீச்சருக்கு அது முடியாது. "ஏழாங்கிளாஸு போவசொல்ல ஒவ்வொண்ணும் ஒரு பக்கமாச்சும் தானா படிச்சுடணும் சார். அப்பால எப்டியாச்சும் பொழச்சுக்கும்"னு சொல்வாங்க. வேற எதுக்கும் அவங்க ஆசப்பட்டு நான் கேட்டதில்ல.

இப்ப எங்க ஸ்டாஃப் ரூமு நடப்பச் சொல்லணும். எந்த ஸ்கூல்ல கேட்டாலும் இதச் சொல்வாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்னு ஒருத்தன் பேரெடுத்துட்டா அவன் கத முடிஞ்சுது. வருகைப் பதிவு, புள்ளைங்களோட போட்டோ, சத்துணவுக் கணக்கு, எத்தினி கொழா, எத்தினி கொழாயில தண்ணி வருது, எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தணும். ஏத்துற ஆளு அப்பால கிளாஸ் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. அதனால தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கறதுதான் புத்திசாலித்தனம். எங்க பி.டி. சாரு போன்ல சினிமா டிக்கெட்டெல்லாம் கண்ண மூடிகினு போடுவாரு. ஹெச்.எம். உள்ள வந்தா அதே போன தலகீழா புடிச்சுகினு, "இதுல எங்க சார் பேசுறது?"ன்னு கேப்பாரு. எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. நடிக்காமயே நான் அப்டித்தான்.

டீச்சருக்கு இந்த சூதெல்லாம் தெரியாது. ட்ரெய்னிங் முடிஞ்சப்பறம் ஆன்லைன்ல பாடம் வரும், வீடியோ பாத்துட்டு கேள்விக்கு பதில் சொல்லணும். நாங்க வீடியோவ ஓடவுட்டுட்டு சாப்ட போய்டுவோம். கேள்விக்கான பதிலு எப்டியும் வாட்ஸ்அப் குரூப்புல வந்துடும். டீச்சர் ஒவ்வொரு வீடியோவையும் நோட்டு எழுதிகினே பாத்தாங்க. புரியலன்னா திருப்பிப் போட்டாங்க. பரீட்சையில எங்களுக்கெல்லாம் முழு மார்க்கு, அவங்களுக்கு மட்டும் கொறஞ்சுது. "நீங்கெல்லாம் எப்டி சார் இவ்ளோ கரெக்டா போடறீங்க?"ன்னு நெசமாவே கேட்டாங்க. "கடவுள் குடுத்த ஞானம் டீச்சர்"ன்னேன். நம்பிட்டாங்கன்னுதான் நெனக்கிறேன்.

அந்த வீடியோ ஒண்ணுல, போன்ல குரலப் பதிவு பண்றது எப்டின்னு காட்டியிருந்தாங்க. நாங்க யாரும் கண்டுக்காத சின்ன விஷயம். டீச்சர் அதப் புடிச்சுகினாங்க. புள்ளைங்கள ஒவ்வொருத்தரா கூப்ட்டு படிக்கச் சொல்லி, பதிவு பண்ணி, அதுங்களுக்கே போட்டுக் காட்டுவாங்க. தன் குரலு போன்லேர்ந்து வர்றதக் கேட்டதும் புள்ளைங்களுக்கு அப்டி ஒரு சிரிப்பு. "டீச்சர், அந்த எடத்துல முழுங்கிட்டேன், இன்னொரு வாட்டி"ன்னு அதுங்களே வந்து நிக்கும். அடிச்சும் கெஞ்சியும் படிக்காத புள்ளைங்க, தன் குரல சரி பண்றதுக்காக படிச்சுதுங்க. கொஞ்ச நாள்ல டீச்சர் போன புடிக்கிற தோரணையே மாறிடுச்சு. ஸ்மார்ட் போர்டுல எழுத்தப் பெருசாக்குவாங்க, கலர் மாத்துவாங்க, மக்கர் பண்ற ஸ்பீக்கர ஒரு தட்டு தட்டி ஓட வெப்பாங்க. அவங்க கிளாஸத் தாண்டிப் போவசொல்ல நான் ஜன்னலாண்ட நின்னு பாத்திருக்கேன். ஏதோ ஒரு பொறாம, வேற இன்னா.

அந்தக் கிளாஸுல ஒரு பொண்ணு. அம்மா இல்ல, சித்தி வூட்டுல வளந்துது. அதுக்கு வாயே தொறக்காது. படிக்கச் சொன்னா ஒதடு மட்டும் அசையும். டீச்சர் அதோட பதிவ சேத்துச் சேத்து வெச்சிருந்தாங்க. ஆரம்பத்துல கேட்டா வெறும் காத்து சத்தம்தான். ஒரு நாளு ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்து, நான் டிபன் பாக்ஸ் தொறக்கறதுக்குள்ள இயர்போன என் காதுல சொருவிட்டாங்க. "கேளுங்க சார். இந்த எடம். இதோ, இப்ப." காத்துக்கு நடுவுல, கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி, "அ... ணில்"னு கேட்டுது. டீச்சர் மொகத்தப் பாத்தேன். கண்ணு கலங்கிகினு இருந்துச்சு. "ஒரு அணிலுக்கா டீச்சர் இவ்ளோ?"ன்னு கிண்டல் பண்ணேன். "இருங்க சார், நாளைக்கு மரமே வரும்"னாங்க. மாசக் கடைசியில அது ஒரு முழு வரி படிச்சுது. மெதுவா, மூச்சு வாங்கிகினு, ஆனா தானா.

அப்பதான் அந்த மீட்டிங்கு. எங்க ஏரியா ஸ்கூலு டீச்சருங்க எல்லாரையும் ஒக்கார வெச்சு மேலதிகாரி பேசிகினு இருந்தாரு. நடுவுல அவரு ஸ்க்ரீன் நின்னுபோச்சு. வயர ஆட்னாங்க, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாங்க, ஒண்ணும் நடக்கல. அதிகாரி மொகம் செவந்துகினே போச்சு. ஹாலுல அத சரி பண்ணத் தெரிஞ்சவங்க பாதிப் பேராச்சும் இருந்திருப்பாங்க. எல்லாரும் தரையப் பாத்துகினு இருந்தாங்க. பக்கத்துல டீச்சர் எழுந்துக்கப் பாத்தாங்க. அவங்க கால நல்லா மிதிச்சேன். "பரவால்ல சார்"னு என்னப் பாத்து சிரிச்சுட்டு எழுந்து போய்ட்டாங்க. எதையோ ரெண்டு அமுக்கு அமுக்குனாங்க, படம் வந்துடுச்சு. ஹாலே கை தட்டுச்சு. ஒரு காலத்துல மவுஸ அமுக்க பயந்தவங்க, அத்தினி பேரு முன்னாடி நிமிந்து நின்னாங்க. நானும் தட்னேன். எழவு வூட்டுல மோளம் தட்ற மாதிரி இருந்துச்சு.

அடுத்த வாரமே ஆர்டர் வந்துடுச்சு. டேட்டா ஏத்துற வேலைக்காக டீச்சர் அந்த அதிகாரியோட ஆபீஸுக்குப் போவணும், தற்காலிகமா. கவர்மென்ட்டுல தற்காலிகம்னு எழுதுனா நிரந்தரம்னு படிக்கணும். டீச்சருக்கு அப்டிப் படிக்கத் தெர்ல. "ஒரு மாசம்தான் சார். அந்தப் பொண்ண மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. தமிழ் பீரியட என் தலையில கட்னாங்க. நானும் போன வெச்சு பதிவு பண்ணிப் பாத்தேன். என் குரலுதான் பதிவாச்சு, "படி... படி... படின்றேன்ல"ன்னு. பொண்ணு பழையபடி ஒதட்ட மட்டும் ஆட்டுச்சு. சாயங்காலமானா டீச்சர் போன் பண்ணுவாங்க. "படிச்சாளா சார்?" "வாய் அசைஞ்சுது டீச்சர்." "அவசரப்படாதீங்க. எதிர்ல நிக்காம பக்கத்துல ஒக்காருங்க." ஒக்காந்தேன். பெஞ்சுதான் முனகுச்சு.

மாசம் போச்சு, பருவம் போச்சு, அடுத்த வருஷமும் பொறந்துச்சு. டீச்சர் போய் அதிகாரியக் கேட்டாங்க. "உங்க எடத்துக்கு வேல தெரிஞ்ச ஒரு ஆளக் குடுங்கம்மா, நாளைக்கே வுட்டுடறேன்"னு சொல்லிட்டாரு. எங்க ஸ்டாஃப் ரூமுல கேட்டாங்க. பி.டி. சாரு போன தலகீழா புடிச்சாரு. நான் கைய தூக்குனேன். ஏன்னா அந்தப் பொண்ணோட ஒதட்ட தெனமும் பாத்துகினு இருந்தவன் நான். எனக்கு சொல்லித்தர வரல, அது எனக்கே தெரியும். நான் ஆபீஸுல ஒக்காந்தா யாருக்கும் நஷ்டமில்ல, டீச்சர் திரும்பி வந்தா கிளாஸு பொழைக்கும். இவ்ளோதான் என் கணக்கு.

சனிக்கெழமையில டீச்சர் எனக்கு சொல்லிக்குடுத்தாங்க. மொத நாளே எங்க ஹெச்.எம்.ம ஒண்ணாங்கிளாஸுல சேத்துட்டேன். அவருக்கு இலவச செருப்பும் கலர் பென்சிலும் வர வேண்டியிருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு. டீச்சர் வாய் வுட்டு சிரிச்சத அன்னிக்குதான் பாத்தேன். "பயப்படாம அமுக்குங்க சார், ஒண்ணும் ஆவாது"ன்னாங்க. ரொம்ப நாளாச்சு. ராத்திரி தூக்கத்துல கூட கட்டத்த கட்டத்தா அமுக்கிகினு இருந்ததா என் பொஞ்சாதி சொல்லுச்சு. கடேசியில ஒரு நாளு அதிகாரி பின்னாடி நின்னு பாக்க, தப்பில்லாம ஒரு ஸ்கூல முழுசா ஏத்தி முடிச்சேன். அவருக்கு அப்டி ஒரு சந்தோஷம். "இவரையே தேத்திட்டீங்களேம்மா! உங்கள மாதிரி ஆளு இங்க இருக்கக் கூடாது"ன்னாரு. டீச்சர் என்னப் பாத்தாங்க. வூட்டுக்குப் போவப் போற மொகம்.

ஆர்டர் வந்துச்சு. டீச்சர இன்னும் பெரிய ஆபீஸுக்குப் போட்டாங்க, மத்தவங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்க. அவங்க சேருல என்ன ஒக்கார வெச்சாங்க. ஸ்கூலு ரெண்டு பேரையும் பறிகுடுத்துச்சு. ஹெச்.எம். என்னக் கூப்ட்டு, கோவமா கூட இல்ல, அழுவுற மாதிரி கேட்டாரு. "நீயாச்சும் முட்டாளாவே இருந்திருக்கக் கூடாதாய்யா?" வாழ்க்கையில ஒரே ஒரு விஷயத்த நான் உருப்படியா கத்துகினேன். அதுக்குக் கெடச்ச கூலி அது.

போன மாசம் ஒரு நாளு. ரொம்ப நாளா ஸ்கூலுக்கு வராத புள்ளைங்க பேரு ஸ்க்ரீன்ல வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் ஏத்துனாதான் அடுத்த பக்கம் போவும். நடுவுல அந்தப் பொண்ணு பேரு. எட்டாங்கிளாஸு. காரணமெல்லாம் ஏற்கெனவே ரெடியா கீது: ஊரு மாறிட்டாங்க, ஒடம்பு சரியில்ல, ஆர்வமில்ல. இதுல எது? டீச்சருக்குப் போன் போட்டேன். யாரு, இன்னான்னு சொல்லாம, சந்தேகம்னு மட்டும் கேட்டேன். "எதுவும் பொருந்தலன்னா 'ஆர்வமில்ல' போடுங்க சார், அது தடுக்காம ஏத்துக்கும்"னு டக்குனு சொன்னாங்க. அப்பால, "எந்த ஸ்கூலு?"ன்னாங்க. சொன்னேன். பேரையும் சொன்னேன். "போடாதீங்க. ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கலாம்"னாங்க.

விசாரிச்சுகினு போனோம். மகாபலிபுரத்துல, கடக்கரைக்குப் போற வழியில, சித்தி வெச்சிருந்த சிப்பிக் கடைக்கு முன்னாடி அந்தப் பொண்ணு நின்னுகினு இருந்துச்சு. கை நெறைய சிப்பி மால. மொதல்ல நான் குரலத்தான் கேட்டேன், அப்பாலதான் ஆளப் பாத்தேன். இந்தி, இங்கிலீஷு, தெலுங்கு, எல்லாத்துலயும் கூவிகினு இருந்துச்சு. கடல் சத்தமே அதுக்குக் கீழதான். டீச்சரப் பாத்ததும் ஓடி வந்து கையப் புடிச்சுகிச்சு.

"எங்க டீச்சர் போய்ட்ட நீ? மெலிஞ்சுகீற!"

"நீ ஏண்டி ஸ்கூலுக்குப் போவல?"

"அங்க இன்னா கீது டீச்சர்? சும்மா ஒக்காந்துகினு இருக்கணும். இங்கன்னா சித்தி திட்டாது." சொல்லும்போதே அது கண்ணு ரோட்டு மேலதான் இருந்துச்சு. "ஒரு மால வாங்கு டீச்சர். போணி ஆவல."

டீச்சர் ஒண்ணு எடுத்தாங்க. பொண்ணு கழுத்துல தொங்குன, போன்ல காசு போடற ஸ்கேன் அட்டையத் தூக்கிக் காமிச்சுது. "வெயிலுல மின்னும், போன சாய்ச்சுப் புடி"ன்னு டீச்சருக்கே சொல்லிக்குடுத்துச்சு. டீச்சர் காசு போட்டாங்க. "சில பேரு எப்பவோ காசு போட்ட பழைய போட்டோவ காமிச்சு ஏமாத்திட்டுப் போய்டறாங்க டீச்சர். இன்னா போட்டுகீதுன்னு படிக்கச் சொல்லிக் கேக்கணும்னு சித்தி சொல்லியிருக்குது. இன்னா போட்டுகீது?"

டீச்சரு போன்ல எல்லாம் தமிழ்லதான் வரும். அவங்க போன அது பக்கம் திருப்புனாங்க. "நீ படி."

பொண்ணு குனிஞ்சு பாத்துச்சு. ஒதடு அசைஞ்சுது. "செ..." அதுக்கு மேல வர்ல. அந்தாண்ட ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு வந்து நின்னுச்சு.

"நீயே சொல்லு டீச்சர், எனக்கு நேரமாவுது. காசு போச்சா இல்லியா?"

டீச்சர் படிச்சாங்க. கிளாஸுல எழுத்துக் கூட்டுவாங்களே, அப்டியே, ஒவ்வொண்ணு மேலயும் வெரல வெச்சு, நிறுத்தி நிறுத்தி. "செ... லுத்... தப்... பட்... டது."

"ஆங், அப்ப சரி"ன்னுட்டு பொண்ணு பஸ்ஸாண்ட ஓடிடுச்சு.